மூன்று மாதத்துக்கு ஓர் எண்

2023 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஐந்தே முக்கால் இருக்கும், என் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது, பார்க்கத் தொடவும். ரத்தம் என்னுடையது இல்லை. என் ஹவுஸ் ஓனருடையது. சியாட்டிலில் பாலார்ட் என்கிற பகுதியில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் 2019-லிருந்து வாடகைக்கு இருக்கிறேன். அவர் மேலே, நான் கீழே. அன்றைக்கு மேலே மீன் வறுத்துக்கொண்டிருந்தார். வாசனை படியிறங்கி வந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜூலையில் 1,250 ஆக இருந்த எண் 2,900 ஆகியிருந்தது.

டாக்டர் திங்கட்கிழமைதான் கூப்பிடுவார்.

அமெரிக்காவில் 2021 ஏப்ரலிலிருந்து ஒரு விதி இருக்கிறது. பரிசோதனை முடிவு தயாரானால் அதை நோயாளிக்குத் தாமதம் செய்யாமல் காட்டிவிட வேண்டும். டாக்டர் அதைப் பார்த்துவிட்டாரா என்பது கணக்கில் இல்லை. என் உடம்பைப் பற்றிய தகவல் முதலில் எனக்குத்தானே தெரிய வேண்டும் என்று யோசித்தால் நல்ல விதிதான். ஆனால் ஓனரிடம் இருப்பது மடக்கு போன். மகள் அரிசோனாவில். மனைவி இறந்து ஏழு வருஷம். அதனால் ஆஸ்பத்திரி ஆப்பில் தன் சார்பாகப் பார்க்க என் பெயரைச் சேர்த்திருந்தார். சேர்த்த அன்றே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“நான் கேட்டா சொல்லு. கேக்கலைன்னா சொல்லாத, டாக்டரே சொல்லட்டும்.”

அவர் பேசுவது ஆங்கிலம்தான். என் காதில் எப்போதும் இப்படித்தான் விழுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார், எனக்கு வாய் வராது. ‘சார்’ என்றால் அவருக்குக் கோபம் வரும். நான்கு வருஷமாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமலேயே ஓட்டிவிட்டேன். கோவில்பட்டியிலிருந்து பேசும் அம்மாவுக்கு அவர் ‘ஓனர் தாத்தா’.

எல்லாம் தொடங்கியது 2022 பிப்ரவரியில். அவருடைய இடது காதுக்கு முன்னால் குன்றிமணி அளவுக்கு ஒரு புடைப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. நாவல்பழ நிறம். தினமும் பார்க்கிறேன், ஆனால் கேட்கவில்லை. ஒரு பெரியவர் முகத்தில் இருப்பதைப் பற்றி நாமாக எப்படிக் கேட்பது என்ற நம்மூர்த் தயக்கம். அவரும் ஷேவ் செய்யும்போது இடிக்கிறது என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டார். முதலில் காட்டிய இடத்தில் சாதாரணக் கட்டி, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறே வாரத்தில் அது நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. அப்புறம்தான் வேறொரு டாக்டர் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மெர்கல் செல் கார்சினோமா என்று வந்தது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். அமெரிக்கா முழுக்க வருஷத்துக்குச் சுமார் 3,000 பேருக்கு வருகிற, மெலனோமாவைவிட ஆபத்தான தோல் புற்றுநோய். 2008-ல் 195 நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, இதை அடையாளம் காண ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தையும் நினைவுக் குறிப்பாகக் கொடுத்தது. வலியோ தொந்தரவோ இல்லாமை, வேகமாக வளர்தல், நோயெதிர்ப்பு குன்றிய உடல், ஐம்பதுக்கு மேல் வயது, வெயில் படும் இடம். ஓனருக்கு நான்கு பொருந்தியது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளைச் சோதனைக்கு எடுத்த டாக்டர்களே ‘இது ஒன்றுமில்லாத கட்டி’ என்றுதான் நினைத்திருக்கிறார்கள். முதல் டாக்டர் மேல் எனக்கிருந்த கோபம் அதைப் படித்ததும் பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

இந்த நோயின் பெயரே ஒரு சந்தேகக் கேஸ். 1875-ல் ஃபிரெடரிக் மெர்கல் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் தோலுக்குள் சில செல்களைப் பார்த்து, இவை தொடுகையை உணர்பவை என்று சொன்னார். விரல் நுனியில் நிறைய உண்டு. சட்டைத் துணி பருத்தியா பாலியஸ்டரா என்று தடவிப் பார்க்கிறோமே, அதில் அவற்றுக்குப் பங்குண்டு. 1972-ல் சிரில் டோக்கர் என்ற நோயியல் நிபுணர் ஐந்து பேரிடம் இந்தப் புற்றுநோயைக் கண்டு முதன்முதலாக விவரித்தார். அவர் வைத்த பெயர் வேறு. புற்றுச் செல்கள் மெர்கல் செல்களை ஒத்திருந்ததால் பிறகு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே மெர்கல் செல்லிலிருந்துதான் இது கிளம்புகிறதா என்று இப்போது ஆராய்ச்சியாளர்களுக்கே சந்தேகம். எங்கள் கம்பெனியிலும் இப்படிச் சில புரோகிராம்கள் உண்டு. செய்யும் வேலைக்கும் பெயருக்கும் சம்பந்தம் இருக்காது, ஆனால் மாற்றினால் ஊரே உடையும்.

எனக்குத் தூக்கம் போனது 2008-க்கு வந்தபோது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்ற தம்பதி. கபோசி சர்கோமா என்ற இன்னொரு புற்றுநோய்க்குக் காரணமான வைரஸை 1994-ல் கண்டுபிடித்தவர்களும் இவர்கள்தான். மெர்கல் புற்றும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களைத்தானே அதிகம் பிடிக்கிறது, இதற்குப் பின்னாலும் வைரஸ் இருக்குமோ என்று தேடினார்கள். தேடிய விதம் ஒரு கழித்தல் கணக்கு. கட்டியிலிருந்து ஏறக்குறைய 4 லட்சம் மரபணு வரிசைகளை எடுத்தார்கள். அவற்றில் மனிதனுடையது என்று தெரிந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கழித்தார்கள். சுமார் 2,400 மிஞ்சின. அந்த மிச்சத்தில் ஒரே ஒரு வரிசை, ஏற்கெனவே தெரிந்த ஒரு வைரஸ் குடும்பத்தின் ஜாடையில் இருந்தது. அந்த ஒற்றை நூலைப் பிடித்து இழுத்து முழு வைரஸையும் வெளியே கொண்டுவந்தார்கள். பார்த்த பத்துக் கட்டிகளில் எட்டில் அது இருந்தது. நான் தினமும் செய்கிற வேலைதான் இது. நேற்றைய கோடையும் இன்றைய கோடையும் கழித்துப் பார்த்து, மிஞ்சிய வரியில் பிழையைத் தேடுவது. என்னுடையதில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு விட்டுப்போன காற்புள்ளி.

இந்த வைரஸ் அபூர்வமானது இல்லை. பெரியவர்களில் பெரும்பாலோர் தோலில் அது சும்மா இருக்கிறது. இதைத் தட்டச்சு செய்யும் என் கையிலும், படிக்கிற உங்கள் கையிலும் இருக்கலாம். ஒன்றும் செய்யாது. கோடியில் ஒரு செல்லில் அது தவறிப்போய் மனித மரபணுவுக்குள்ளேயே செருகிக்கொண்டு உடைந்துவிடுகிறது. உடைந்ததால் இனி அதனால் பெருக முடியாது. வைரஸாக அதன் கதை அங்கே முடிந்தது. ஆனால் அதன் ஒரு துண்டு, டி ஆன்டிஜென் என்ற புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அந்தப் புரதம்தான் செல்லைக் கட்டுப்பாடில்லாமல் பெருகவைக்கிறது. புற்றுநோயால் அதைக் கைவிட முடியாது, கைவிட்டால் செத்துப்போகும்.

ஓனருக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. நார்வேயிலிருந்து வந்த மீனவக் குடும்பம் அவருடையது. இளம் வயதில் ஒவ்வொரு கோடையும் அலாஸ்காவுக்கு சால்மன் பிடிக்கப் போனவர். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் முகத்தைப் பொசுக்கும் என்பார். வெயிலுக்குப் பங்கே இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனாலும் இவ்வளவு வருஷக் கடலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஊரில் எல்லோர் தோலிலும் இருக்கும் ஓர் அற்பம் காரணம் என்றதில் அவருக்கு ஒரு ஏமாற்றம். “கடல் குடுத்ததுன்னா ஒத்துக்குவேன்” என்றார் காரில் வரும்போது.

ஏப்ரலில் அறுவை சிகிச்சை. கழுத்தில் முதல் நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. பிறகு கதிர்வீச்சு. அதோடு அந்த ரத்தப் பரிசோதனையும்.

இந்தப் பரிசோதனையை உருவாக்கியது சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில். நாட்டின் மற்ற ஊர்களிலிருந்தெல்லாம் ரத்தம் பார்சலில் இங்கே வருகிறது. எங்களுக்கு அரை மணி நேரக் கார்ப் பயணம். அதன் தர்க்கம் எளிது. வைரஸின் வெளிக்கூட்டுக்கு எதிரான ஆன்டிபாடி நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. விருந்தாளி எப்போதோ வந்து போனார் என்பதற்கு மேல் அதில் சேதி இல்லை. ஆனால் டி ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி பொதுவாக அந்தப் புற்று உள்ளவர்களிடம்தான் இருக்கும். ஆகவே அந்த ஆன்டிபாடியை அளந்தால், உள்ளே எவ்வளவு புற்று இருக்கிறது என்பதை ஓரளவு சுற்றுவழியில் அளந்த மாதிரி. கட்டியை எடுத்தபின், ஈரத்துணி காய்வதுபோல மாதக்கணக்கில் மெதுவாக அது இறங்கும். திரும்ப ஏறினால் எங்கோ ஈரம் இருக்கிறது.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது இதிலிருக்கும் ஒரு திருப்பம். முதல் முறை பார்க்கும்போது ஆன்டிபாடி இருந்தால், அது நல்ல சேதி. உடம்பு எதிரியைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். 2017-ல் வெளியான ஆய்வில் 219 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் ஆன்டிபாடி இருந்தது. இல்லாதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 42% அதிகம். ஆக, இருந்தால் நல்லது. ஆனால் அதே எண் பிறகு ஏறினால் கெட்டது. ஏறியவர்களில் 66% பேருக்கு நோய் திரும்பியிருந்தது. இறங்குமுகமாக இருந்தவர்களில் 97% பேருக்குத் திரும்பவில்லை. அதாவது இறங்கும்போது ஏறக்குறைய நம்பலாம். ஏறும்போதோ, மூன்றில் ஒரு முறை அது வெறும் பயம் காட்டல்.

மூன்றில் ஒரு முறை பொய் சொல்லும் அலாரத்தை என் வேலையில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நடுராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்துவிட்டது என்று எழுப்பி, எழுந்து பார்த்தால் ஒன்றுமில்லை என்றால், மறுநாளே அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடுவோம். ஆனால் இந்த நோய் ஏறக்குறைய 40% பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்புகிறது, திரும்பியவர்களில் 95% பேருக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள். இரண்டு நாள் தூக்கம் கெடுவதெல்லாம் இங்கே பெரிய விலை இல்லை என்று டாக்டர்கள் கணக்குப் போடுகிறார்கள். சரியான கணக்குதான். யாருடைய தூக்கம் என்பதுதான் அதில் வராது.

காத்திருக்கும் அறையில் ஓர் அம்மாவை இரண்டு மூன்று முறை பார்த்தோம். ஓனர் வயதுதான் இருக்கும், கையில் எப்போதும் பின்னல் ஊசி. அதே நோய், ஆனால் முதல் சோதனையிலேயே ஆன்டிபாடி இல்லை. அவருக்கு இந்த எண் கிடையாது. ஸ்கேன்தான், அதுவும் ஓனரைவிட அடிக்கடி. “உங்க ரத்தமாவது பேசுது” என்றார் ஓனரிடம். ஓனர் பதில் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு அந்த அம்மாவுக்கு வேறொரு பரிசோதனை தொடங்கியதாகச் சொன்னார். கட்டியில் இருக்கும் மரபணுப் பிழைகளில் பதினாறைத் தேர்ந்தெடுத்து, அவை ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளில் தென்படுகின்றனவா என்று தேடுவது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகத் தைத்த சட்டை மாதிரி. வைரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். 2024-ல் 319 மெர்கல் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. நோய் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்தவர்களில் 95% பேரிடம் அது பிடித்துவிட்டது.

ஓனருடைய முதல் எண் 21,000 சொச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தோம். 9,000. 5,200. 3,400. 2,000. 1,250. கேட்கும் முறை ஒன்று எங்களுக்குள் அமைந்துவிட்டது. என்னிடம் எதாவது பேச வேண்டுமென்றால் அவர் துடைப்பக் கட்டையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார், என் தலைக்கு மேல் கேட்கும். ரத்தம் கொடுத்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு மாலை தட்டுவார். போவேன். “இறங்குச்சா?” “இறங்குச்சு.” எண்ணைக்கூடக் கேட்கமாட்டார். அம்மாதான் கேட்பாள், “இப்ப எத்தனடா?” கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்வாள்.

2023 செப்டம்பர் 1 அன்று பாடகர் ஜிம்மி பஃபெட் இறந்தார். 76 வயது. நான்கு ஆண்டுகளாக மெர்கல் செல் புற்றுநோய் இருந்தது என்று அவர் தரப்பில் அறிவித்தார்கள். படகு, கடற்கரை, குடி என்று பாடியவர், ஓனர் தலைமுறைக்குப் பிடித்தவர். அதுவரை எங்கள் இருவரைத் தவிர அந்தப் பெயர் தெரிந்த யாரையும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நான் சந்தித்ததில்லை. அப்போது டீவியில் எல்லாச் சேனலிலும் சொன்னார்கள். மேலே பாட்டுச் சத்தம் கேட்டது, ராத்திரி வெகுநேரம். தட்டவில்லை.

அடுத்த மாதம்தான் அந்த 2,900.

ஒரு எண்ணை மறைத்து வைப்பது எனக்குப் புதிதில்லை. 2009-ல், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், லீவுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டை வாங்கிவர அனுப்பினார்கள். லேபிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது கவரைப் பிரித்தேன். கிரியாட்டினின் 3.8. அதற்குப் பக்கத்திலேயே இயல்பான அளவு என்னவென்று அச்சடித்திருந்தது, யாருக்கும் புரியும். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, “என்னடா போட்ருக்கான்?” என்றார். “நார்மல்தாம்பா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று ராத்திரி அவர் சந்தோஷமாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார், ஒரு ரிசல்ட்டையும் என்னைப் பார்க்கவிடவில்லை.

இங்கே நான் பொய் சொல்லத் தேவையில்லை. கேட்கவில்லையென்றால் சொல்ல வேண்டாம், அதுதான் ஒப்பந்தம். வெள்ளி ராத்திரி தட்டு வரவில்லை. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 66%. சின்ன ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் இது இரண்டு மடங்குக்கு மேல். 219 பேரில் இந்த மாதிரி ஏறியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எழுபத்தைந்து வயதுக்காரர்கள் எத்தனை பேர். எவ்வளவு தோண்டினாலும் அந்த 66 என்பது ஒரு கூட்டத்தின் எண். மேலே நடந்துகொண்டிருக்கும் மனிதருக்கு நோய் திரும்பியிருக்கிறது, அல்லது திரும்பவில்லை. மூன்றில் இரண்டு பங்கு திரும்பிய மனிதர் என்று யாரும் கிடையாது.

சனிக்கிழமை காலை வாசல் மேப்பிள் மரத்தடியில் இலை அள்ள ஆரம்பித்தேன். அது அவருடைய வேலை, என்னைச் செய்யவிட மாட்டார். முன்பக்கம் முடித்து, பக்கவாட்டில் முடித்து, பின்பக்கத்துக்கும் போனேன். நிமிர்ந்தபோது பின்வாசலில் காபியுடன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு.”

“எவ்வளவு?”

சொன்னேன். முதல்முறையாக எண்ணைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நேத்தே தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “நான் கேக்கலை, நீ சொல்லலை. சரிதான்” என்று சொல்லி, குவித்து வைத்த இலையை அள்ளிப் போடப் பையை விரித்துப் பிடித்தார். அன்று அவர் மகளுக்குப் போன் செய்ததும், திங்கட்கிழமை டாக்டர் கூப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்ததும் நடந்தன. என்னிடம் காட்டி ஸ்பெல்லிங் சரிபார்க்கச் சொன்னார். நான் நினைத்துப் பயந்த எதுவும் நடக்கவில்லை. அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அவகாசத்தை அப்பாவுக்கு நான் கொடுக்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அது நல்ல சேதியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்கேன் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கலாம், அல்லது ரத்தம் பயம் காட்டியிருக்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 6,800. மறுபடி ஸ்கேன். இடது கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு நிணநீர் முடிச்சு ஒளிர்ந்தது. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. விரலால் தடவினால் தட்டுப்படாது, டாக்டரே தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றுதான் சொன்னார். ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் உறுதியானது.

2024 ஜனவரியில் பெம்ப்ரோலிசுமாப் ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக அரை மணி நேரம். நோயெதிர்ப்பு செல்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறை அவிழ்த்துவிடுகிற மருந்து. இந்தப் புற்றுக்கு இந்த வகையில் முதலில் அனுமதி பெற்றது அவெலுமாப், 2017-ல், பெம்ப்ரோலிசுமாப் 2018-ல். அதாவது ஓனருக்கு இது பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால், அந்த எண் ஏறியதைத் தெரிந்துகொண்டும் பெரிதாகச் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. வழக்கமான கீமோ கொடுப்பார்கள், கட்டி சுருங்கும், சில மாதங்களில் திரும்பி வரும். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதா என்று நண்பர்கள் என்னிடம் தத்துவமாகக் கேட்கும்போது, கையில் மருந்து இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறேன்.

தைராய்டு கொஞ்சம் படுத்தது, அதற்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார். அரிப்பு. மத்தியானம் தூக்கம். மார்ச்சில் 3,900. ஜூனில் 1,100. அம்மா காலண்டர் மாற்றும்போது பழைய எண்களையும் புதிதில் எழுதிவைத்திருக்கிறாள்.

கடைசியாகப் பார்த்தது 410. அதுவும் வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தது. நான் கீழே உட்கார்ந்து தட்டுக்காகக் காத்திருந்தேன். ஏழரைக்குத் தட்டினார். ஓடினேன். அவர் தட்டியது எண்ணுக்காக இல்லை. ஒரு பழைய சிநேகிதர் சால்மன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், வறுத்து வைத்திருந்தார். சாப்பிட்டோம். அலாஸ்காவில் ஒரு புயலில் வலையை அறுத்துவிட்டுத் திரும்பிய கதையை, நான் ஏற்கெனவே கேட்டதுதான், மறுபடி சொன்னார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “அப்புறம்?” என்றார்.

“இறங்குச்சு.”

“அந்த ஊசிக்காரம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன். அடுத்த தடவை போகும்போது கேட்கணும் என்று சொல்லிவிட்டு, மிச்ச மீனை எனக்கு டப்பாவில் போட ஆரம்பித்தார்.